லூர்து அண்ணனின் ரத்தம்

சிதம்பரம்
11.2.2024

அன்புள்ள லூர்து அண்ணனுக்கு,

தங்கை ஜோதி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான், அவர், ஜெசிந்தா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை அறிய ஆசை. மார்கழியில் பிடித்த இருமல் விட்டதா? அம்மா போன பிறகு நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா அல்லது பன்னும் டீயுமாக ஓட்டுகிறாயா, உண்மையை எழுது.

ஜெசிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. வெள்ளையாக இருப்பதை மட்டும் சாப்பிடுகிறாள். இட்லி, இடியாப்பம், தயிர்சோறு. குக்கர் விசில் கேட்டால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள் என்பதால் நான் பழையபடி சோறு வடிக்கிறேன். எனக்கும் கொஞ்ச நாளாகச் சாப்பாடு சரியில்லை. காபி வாசனையே ஆகவில்லை, விட்டுவிட்டேன். வெயில் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, அதனால் இருக்கும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஜெசியின் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம் அல்லவா, அதில் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிறதாம். டாக்டர் எழிலரசி என்று ஒருவர் பார்க்கிறார். பொறுமையானவர். என் பக்கத்து ஆட்களில் ஒருவருடைய ரத்தமும் கிடைத்தால் நல்லது என்றார். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கடலூரிலேயே எடுத்து அனுப்பலாம். லேப் பெயரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுக்க மாட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
ஜோதி மேரி

கடலூர், மஞ்சக்குப்பம்
20.2.2024

அன்புள்ள ஜோதிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. பன் சாப்பிடுவதில்லை. காலையில் ரவை உப்புமா, மதியம் சோறும் மோரும், இரவும் அதே. மாப்பிள்ளையையும் ஜெசியையும் விசாரித்ததாகச் சொல்.

கடையில் புதிய லென்ஸ் தேய்க்கும் மெஷின் வந்திருக்கிறது. பழையது போட்ட சத்தம் எனக்குப் பழகியிருந்தது. புதியது மேல்ஸ்தாயியில் கத்துகிறது. முதலாளி பொன்னுரங்கத்திடம் சொன்னேன். "மெஷின்னா சத்தம் போடாதா லூர்து" என்று சிரித்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். நான் பின்னறையில்தான் இருக்கிறேன், வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. அது ஒரு நிம்மதி.

கார்மேல் மாதா சுரூபம் இருக்கும் கெபிக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு திட்டக்குடிக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

அது எந்த மரபணு? அது என்ன வேலை செய்கிறது? எழுது.

உன் அண்ணன்,
லூர்து

சிதம்பரம்
26.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் குறித்து எழுதியதில் சந்தோஷம். உப்புமாவில் ஒரு கேரட்டாவது போட்டுக்கொள்.

நீ கேட்டதை டாக்டரிடம் நானும் கேட்டேன். குழந்தை வயிற்றில் உருவாகும்போதே மூளையின் நரம்புகள் கிளைவிட்டு ஒன்றோடு ஒன்று சேருகின்றனவாம். எது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது. அதில் ஒன்றில்தான் ஜெசிக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஆட்டிசத்துக்கும் அந்த மரபணுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். "இந்த மாற்றத்தை நாங்க இதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயும் பாத்ததில்ல, அதனால இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியல" என்றார் டாக்டர். சொந்தத்தில் யாருக்கு அது இருக்கிறது, யாருக்கு இல்லை, இருக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்குமாம்.

நம் குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று கேட்டார். நீ நாலு வயதில்தான் பேசினாய் என்று அம்மா சொல்லுவாள். அதைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்ணா, மார்ச் நடுவுக்குள் கொடுத்துவிட்டால் உபகாரமாக இருக்கும். தள்ளிப்போட வேண்டாம்.

உன்னை எப்போதும் ஜெபத்தில் நினைக்கும்,
ஜோதி

சிதம்பரம்
12.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. கடைக்குப் போன் செய்தேன். "லூர்து வேலைல இருக்கான், வந்து பேச மாட்டேங்கறான்" என்றார் முதலாளி. வேலைக்கு வருகிறாய் என்பது தெரிந்ததே போதும்.

மனது புண்படும்படி நான் எதுவும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் மன்னித்துவிடு. ஒரு ஊசிதானே. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி போடு, நான் வேறு வழி பார்க்கிறேன்.

ஜோதி

கடலூர்
17.3.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நான் சுகம். உன் உடம்பை நீ கவனித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை லேபில் ரத்தம் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் கையைப் பிடித்தபோது கஷ்டமாக இருந்தது. ஊசி கஷ்டமாக இல்லை.

தாமதத்துக்குக் காரணம் யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றை எழுத வேண்டுமானால் முதலில் அது முழுதாகத் தெரிய வேண்டும்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஜெசிக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் நீ எனக்கு நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது யாரோ என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போல இருந்தது. பிறகு மாவட்ட நூலகத்தில் தேடிப் படித்தேன். எனக்கும் அதுதான். எந்த டாக்டரும் சொல்லவில்லை, ஆனால் அதுதான். நம் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. அம்மா கூச்சம் என்றாள். அப்பா திமிர் என்றார். கோயில் திருநாளில் வெடி வைத்தபோது நான் ஓடிப்போய்ச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டதற்கு அப்பா அடித்தாரே, நினைவிருக்கிறதா? நீ அழுதாய்.

அதனால் உன் டாக்டருக்கு வேண்டியது சும்மா ஒரு சொந்தக்காரர் ரத்தம் இல்லை, என் ரத்தம். இது எனக்கு வருத்தமாக இல்லை. உனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. நீ எதற்கும் அவசரப்படுகிறவள் இல்லை. இந்த முறை தேதி போட்டுக் கேட்டாய். காபியை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். ஜெசி வயிற்றில் இருந்தபோதும் உனக்குக் காபி ஆகவில்லை. உனக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் வருமா என்று பார்க்கிறீர்கள். வரும் என்றால் என்ன செய்வது என்றும் யோசிப்பீர்கள். உங்கள் வீட்டில் பகலும் ராத்திரியும் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும். நீ தூங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. அதனால் அப்படி யோசிப்பதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இதை யாரும் என்னிடம் கேட்கமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் இல்லை. நண்பர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் திங்கட்கிழமை வரை நான் பேச ஆள் இல்லை, பேச ஆள் வந்தால் எனக்குப் பேச வராது. பெரும்பாலும் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். ஆனாலும் பிறக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் கடிதம் எழுதுவதை நிறுத்தமாட்டேன். பதில் போடு.

உன் அண்ணன்,
லூர்து

சிதம்பரம்
21.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதிக்கொள்வது. சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், உன் கடிதத்தை எடுத்துப் படிப்பேன், பிறகு எழுத முடியாது.

ஆமாம், உண்டாகியிருக்கிறேன். ஐந்தாவது மாதம்.

செவ்வாய்க்கிழமை புதுச்சேரி போயிருந்தோம். உன் ரிசல்ட் வந்துவிட்டது. அந்த மாற்றம் உனக்கு இல்லை அண்ணா.

எனக்கு இருக்கிறது. ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்கள். ஜெசிக்கு என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. அதை உனக்கு எழுதாமல் உன்னிடம் ரத்தம் மட்டும் கேட்டேன். எழுதுவதற்குக் கை வரவில்லை. நம் வீட்டில் நீதான் ஒரு மாதிரி, நான் எல்லோரையும் போல என்றே வளர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள், பாட்டு பாடினவள், கல்யாணமாகிப் போனவள். என்னிடம் அது இருக்கிறது, உன்னிடம் இல்லை.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். ஒரே மாற்றம் எனக்கும் இருக்கிறது, ஜெசிக்கும் இருக்கிறது. நான் பேசுகிறேன், அவள் பேசவில்லை. அதனால் அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மற்ற மரபணுக்களும் சேர்ந்து ஏதோ செய்திருக்கலாம். உன் விஷயத்தில் வேறு ஏதாவது இருக்கலாம், அல்லது அவர்கள் இன்னும் கண்டுபிடிக்காத ஏதாவது. "மூளை உருவாகற விதத்துல இன்னும் எங்களுக்குத் தெரியாததுதான் ஜாஸ்தி" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து இந்தக் குழந்தைக்கும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். பாதிப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் அது ஜெசி போல இருக்குமா, என்னைப் போல இருக்குமா என்பதை எந்த ஊசியும் சொல்லாது. நானும் அவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நாங்கள் பஸ் ஏறும்போதே என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்கள், "ஒன்னு இப்படி இருக்கறதே போதும்டியம்மா, பாத்துட்டு முடிவு பண்ணிக்கிட்டு வாங்க." உன் கடிதத்தை நான் பையில் வைத்திருந்தேன். எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "வா ஜோதி, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

வந்துவிட்டோம். ஊசி போடவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. அத்தை அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை. நீ பேசு.

உன் தங்கை,
ஜோதி

கடலூர்
29.4.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

எனக்கு இல்லை என்று எழுதியிருந்தாய். சரி.

வெயில் கடுமை. மதியம் கடையை மூடிவிடுகிறோம். கெடிலம் ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. பழைய மெஷினை முதலாளி விற்றுவிட்டார்.

அந்த ரிப்போர்ட்டின் நகல் ஒன்று அனுப்ப முடியுமா? இல்லை என்று எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ரத்தம் கொடுத்த நாள் முதல் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு நடந்து போகும்போதெல்லாம், எனக்கும் ஜெசிக்கும் ஒரே எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது சொந்தம் என்பதற்கு மேலே ஒன்று. அப்படி நினைத்திருக்கக்கூடாது. பரிசோதனை முடிவதற்கு முன்னால் நினைத்தது என் தப்பு.

கேரட் வாங்கினேன். உப்புமாவில் போட்டேன். நன்றாக இல்லை.

லூர்து

சிதம்பரம்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி. உன் உடம்பு சுகமா? எனக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி நலம். மே மாதமே எழுதியிருக்க வேண்டும். ஜெசிக்கு அம்மை போட்டுவிட்டது. மேலே துணி பட விடவில்லை, என்னையும் தொட விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது.

இந்தக் கடிதத்தோடு நகல் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரிதான். அதைப் படித்து நீ என்ன நினைப்பாயோ என்று இத்தனை நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்தைப் படித்து நான் அழுதேன் என்று சொன்னால் உனக்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இங்கே எனக்கும் யாரும் இல்லை அண்ணா. கோயிலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. போன முறை பிரசங்கத்தின் நடுவில் ஜெசி கத்தியதும் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு அம்மா மட்டும் நல்ல மனதோடு, "புள்ளைய வெளிய கூட்டிப்போ கண்ணு, சாமியாருக்குத் தொந்தரவா இருக்குதில்ல" என்றார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. வெயிலில் வெளியே போனாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பகல் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

ஒரு முறை வந்துவிட்டுப் போயேன். கடலூரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீ பேச வேண்டாம். நானும் பேசவில்லை.

ஜோதி

கடலூர்
4.8.2024

அன்புள்ள ஜோதிக்கு,

கால் வீக்கத்துக்கு டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. ஜெசிக்குச் சரியானது அறிந்து நிம்மதி. நகல் கிடைத்தது. படித்தேன். இல்லை என்றுதான் இருக்கிறது.

போன ஞாயிறு ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். ரயில் வந்தது, கூட்டமாக இருந்தது, ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன், ஆனால் நான் வர முயற்சி செய்யவில்லை என்று நீ நினைக்கக்கூடாது.

ஜெசி வெளிச்சத்துக்குக் கண்ணைப் பொத்துகிறாள் என்று எழுதியிருந்ததால் ஒரு கண்ணாடி செய்திருக்கிறேன். பார்சலில் வருகிறது. பழுப்பு நிறம். மூன்று நிறத்தில் தேய்த்து வெயிலில் நானே போட்டுப் பார்த்தேன், இதுதான் கண்ணுக்கு நிம்மதி. காதில் அழுத்தாமல் இருக்கக் கம்பிக்கு மேல் ரப்பர் குழாய் மாட்டியிருக்கிறேன். போடாவிட்டால் வற்புறுத்தாதே. மேஜைமேல் வைத்துவிடு.

லூர்து

சிதம்பரம்
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவருக்கு நன்றி. செப்டம்பர் பதினாறாம் தேதி பையன் பிறந்தான். நானும் குழந்தையும் சுகம். ஆபரேஷன்தான். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஜெசியை அவரே பார்த்துக்கொண்டார். அத்தையும் வந்து இடியாப்பம் பிழிந்து கொடுத்தார்கள்.

அவனுக்கு அந்த மாற்றம் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். பால் குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறானா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கிறான் என்று ஒரு நிமிஷம் தோன்றும், இல்லை என்று அடுத்த நிமிஷம். இந்த நோட்டம் எப்போது என்னை விட்டுப் போகும் என்று தெரியவில்லை.

ஜெசி கண்ணாடியை ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது பெரிது.

அண்ணா, பையனுக்கு நீதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். அருள் என்று பெயர் வைக்கிறோம். வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. உன்னால் வர முடியாவிட்டால் முடிகிற வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கிறோம்.

ஜோதி

கடலூர்
13.10.2024

அன்புள்ள ஜோதிக்கு,

பையன் பிறந்ததில் சந்தோஷம். தையல் ஆறும் வரை தண்ணீர்க்குடம் தூக்காதே.

உன் சாமியாரிடம் இவற்றைக் கேட்டு எழுது. ஞாயிறு இல்லாமல் வேலைநாளில் வைக்க முடியுமா? மைக் இல்லாமல் செய்ய முடியுமா? மணி அடிக்காமல் இருக்க முடியுமா? ஞானத்தகப்பன் சொல்ல வேண்டிய பதில்களை முன்னாலேயே எழுதிக் கொடுப்பார்களா?

குழந்தையை எத்தனை நேரம் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும்?

லூர்து

கடலூர்
15.11.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ, மாப்பிள்ளை, ஜெசி, அருள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல். எனக்கு மட்டும் காரம் போடாமல் தனியாகக் குழம்பு வைத்தார்கள். நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

வரும்போது மாப்பிள்ளை கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஏற்றிவிட்டார். ரயில் கிளம்பும் வரை ஜன்னலுக்கு வெளியே நின்றார். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. நன்றாக இருந்தது.

ஞானஸ்நானத்தின்போது பதில்களைச் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். மைக் இல்லாததால் கோயிலில் என் குரலே எனக்குக் கேட்டது. அருளின் தலையில் தண்ணீர் விழுந்ததும் அவன் அழுதான். அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் பயந்து அவனைக் கீழே விட்டுவிடுவேனோ என்று. விடவில்லை. அவன் அழும் சத்தம் என் காதுக்கு வலிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நீ சமையல்கட்டில் இருந்ததால் ஒன்றை நீ பார்த்திருக்கமாட்டாய். மத்தியானம் ஜெசி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் நகர்ந்து வந்தாள். ரொம்ப நேரம் கழித்து அவள் கால் என் காலில் பட்டது. அவள் எடுக்கவில்லை. என்னை யாராவது தொட்டால் நான் எடுத்துவிடுவேன், உனக்குத் தெரியும். அன்று எடுக்கவில்லை. நீ சாப்பிடக் கூப்பிடும் வரை அப்படியே இருந்தோம்.

இங்கே வந்து கதவைத் திறந்தேன். பக்கத்து வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உலை வைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். வழக்கமாகச் செய்வதுதான். இந்த வீட்டில் சத்தம் இல்லை என்பதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆள் இல்லை என்பது தெரிகிறது.

பொங்கலுக்கு வருகிறேன். மூன்று நாள் இருக்கலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

உன் அண்ணன்,
லூர்து